ஆட்டு ரத்தமும் அதிகாரியின் சட்டையும்

கோபக்காரர்கள் உண்மையைத்தான் பேசுவார்கள். எந்த நேரத்தில், யார் முன்னால் பேசுவார்கள் என்பதில்தான் சிக்கல்.

அப்போது நான் மும்பையில், செம்பூர்ப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவி. தபால்தலை அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு செய்திருந்தேன். அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய கால்வாய்கள். பாலியல் வன்முறை வழக்கில் கிடைக்கும் துணியில் அந்தப் பெண்ணின் செல்களும் குற்றவாளியின் செல்களும் கலந்து கிடக்கும். அப்படியே சோதித்தால் எது யாருடைய டிஎன்ஏ என்று பிடிபடாது. கரைத்து என் சில்லுக்குள் மெதுவாக ஓடவிட்டால், பெரிய செல் ஒரு வழி, சிறிய செல் ஒரு வழி என்று பிரிந்துவிடும். மெதுவாக. அதுதான் முக்கியம்.

தடய அறிவியல் துறையிலிருந்து ஓர் உயரதிகாரி பார்க்க வந்தார். அவர் தலையசைத்தால் நிஜ வழக்குகளில் சோதிக்கலாம். செய்துகாட்ட, என் கன்னத்துச் செல்களோடு ஆட்டு ரத்தத்தைக் கலந்து வைத்திருந்தேன். தாராவியில் மட்டன் கடை வைத்திருக்கும் மாமா கொடுத்தது. (“படிச்ச புள்ள கேக்குததப் பாரு!”)

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாட்டுங்காவில் வசதியான வீட்டுக்காரரான எங்கள் பேராசிரியருக்குப் பதற்றம் வந்துவிட்டது.

“கொஞ்சம் வேகமா விடேம்மா.”

“தாங்காது சார்.”

“எல்லாம் தாங்கும்” என்று, கரைசலைச் செலுத்தும் பம்பை அவரே முறுக்கினார்.

குழாய் கழன்றது. அதிகாரியின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு.

மனிதர் அசையவில்லை. “கோயி பாத் நஹி”, பரவாயில்லை என்று கைக்குட்டையை எடுத்தார். அதோடு முடிந்திருக்கும். பேராசிரியர் சும்மா இருக்கவில்லை. “தாராவிச் சரக்கு சார், வேற எப்படி இருக்கும்?” என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. நானும் ஹிந்தியிலேயே கத்தினேன்: “பம்பை முறுக்கினது நீங்க! தாராவியிலேருந்து வந்தது அந்த ஆட்டு ரத்தம் மட்டும்தான். அதுவும் இன்னிக்குக் காலையில அறுத்தது, சுத்தமான சரக்கு!”

“பக்ரா?” என்றார் அதிகாரி.

வருடக்கணக்காக மனித ரத்தத்தோடு புழங்கியவர், ஆடு என்றதும் வெளிறிப்போனார். பரம்பரைச் சைவமாம். நாற்காலியோடு சரிந்தார்.

சோதனை ஒரு வருடம் தள்ளிப்போனது. ஒரு சட்டைக்காக, அந்த வருடம் முழுக்க எத்தனையோ பெண்களின் துணிகள் அலமாரியில் கிடந்தன. நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். பிறகு வேறோர் அதிகாரி வந்தார். பம்பை யாரும் தொடவில்லை, சில்லு தேறியது. பாராட்டு விழாவில் பேராசிரியர் மைக்கைப் பிடித்து “என் சில்லு” என்றார்.

வீட்டுக்கு வந்து, ஆட்டு ரத்தத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிக் கொதித்தேன். உம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

“மெதுவாப் பேசுட்டி. அடுத்த வீட்டுல சைவக்காரவுக இருக்காவ.”

இன்றைக்கும் நான் குரலை உயர்த்தினால், வீட்டில் யாராவது ஒருவர் ஜன்னலைச் சாத்த எழுந்துவிடுகிறார்கள்.