‘தே’ என்றால் எத்தனை பேர்?

“ராபின்னு ஒரு பேருதான் போட்டிருக்கு. எத்தன பேரு சார் வாராவ?” என்று கேட்டார் நவநீதகிருஷ்ணன்.

காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிற அவருடைய மில் ராஜபாளையத்தில் இருக்கிறது. வெளிநாட்டு மெயில்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் வேதசிரோமணி சார். பள்ளிக்கூடத்தில் அவருக்கே இங்கிலீஷ் நடத்தியவர்.

ஆர்டர் தரப்போகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆபீஸிலிருந்து வந்த மெயில் சின்னது. மில்லைப் பார்வையிடும் ஆய்வுக்கு ராபின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை ‘தே வில் அரைவ்’, அவர்கள் வருவார்கள்.

“‘தே’ன்னா பன்மை. கூட்டமாத்தான் வருவாவ. ஒரு அஞ்சு பேருன்னு வச்சுக்கோ.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐந்து அறை, மதுரை விமான நிலையத்துக்கு வேன், ஐந்து மாலை. இந்த ஆர்டர் கிடைத்தால்தான் மூடிக்கிடக்கிற பாதி மில் ஓடும்.

வேதசிரோமணியின் வீட்டில் அவர் மகள் அக்சா கேட்டாள். “ராபின் ஆம்பளையா பொம்பளையாப்பா?”

“தெரியலயே.”

“அப்ப ஒரே ஆளுதான். இப்பல்லாம் ஒருத்தரையும் ‘தே’ன்னு எழுதுதாவ.”

“எவன் சொன்னான்? ஒருத்தருக்கு ‘தே’ன்னு எழுதுன பிள்ளைகள முட்டி போட வச்சவன் நான்.”

அக்சா போனில் ஒரு அகராதியைத் திறந்து நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். முட்டி போட்ட பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்று அவரையே பார்ப்பது போலிருந்தது.

மெயில் அனுப்பியவர்களிடமே கேட்டிருக்கலாம். ஆனால், ஒரு இங்கிலீஷ் வாத்தியார் ‘தே’க்கு விளக்கம் கேட்பதா? அதற்குப் பதில் புது இலக்கணம் தனக்கும் அத்துப்படி என்று காட்ட, ராபின் ஒருவரையே நினைத்து ‘வீ ஷல் பி ஹேப்பி டு மீட் தெம்’ என்று எழுதினார். ‘தே ஆர் ஹேப்பி டூ’ என்று பதில் வந்தது.

“பாத்தியா, ஒரே ஆளுதான்,” என்றார் நவநீதகிருஷ்ணனிடம்.

வேனும் நாலு அறையும் ரத்தாயின.

“மாலைய பூக்கடையில திருப்பி எடுக்க மாட்டேங்காவ சார்.”

“கேட்டுல தொங்க விடு. அழகாத்தான் இருக்கும்.”

வெள்ளிக்கிழமை சின்னக் கார் ஒன்று மட்டும் மதுரைக்குப் போனது. மத்தியானம் டிரைவர் பாண்டிச்செல்வம் போன் செய்தான்.

“சார், அஞ்சு பேரு வந்து நிக்காவ. கார் பத்தாது.”

வேதசிரோமணி நாற்காலியில் உட்கார்ந்தார். “அஞ்சு பேரா? ‘தே’ன்னுல்ல எழுதியிருந்தாவ?”

“அதத்தான் கூட வந்த மெட்ராஸ்காரரு சொல்லுதாரு சார். ஒங்க பழைய மெயிலெல்லாம் பாத்து, நீங்க பழைய காலத்து இங்கிலீஷ் ஆளு, புதுசா எழுதுனா குழம்பிருவீயன்னு, ராபின் மேடம் அவிய தாத்தாகிட்ட கேட்டு, ‘தே’ன்னா பல பேருங்கிற கணக்குலயே எழுதச் சொன்னாவளாம்.”