நான்கு தொட்டிக்குத் தண்ணீர் இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். எட்டுத் தொட்டிக் காராமணியில் நான்கு நலம். மற்ற நான்கை நானே வாட்டப் பார்த்தேன், காரணம் பிறகு. அங்கே நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் சுகமென்று நம்புகிறேன்.

"எங்களோடயே வந்து இருங்கப்பா" என்று மூன்றாவது முறையாக எழுதியிருக்கிறாய். எப்படியம்மா வருவது? விதைப் பரிசோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் யாரோ விளைவித்த பருப்பை எடைபோட்டவன், ஓய்வு பெற்ற பிறகாவது சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டாமா? மழை பொய்த்தால் பருப்பின் சத்து என்னவாகும் என்பதுதான் விஷயம். பூ விட்டதும் நான்கு தொட்டிக்குத் தண்ணீரை நிறுத்தினேன். இரண்டு வாரமாகியும் படியோரம் இருந்த இரண்டு மட்டும் தளதளவென்று நிற்கிறது. பெரிய கண்டுபிடிப்பு என்று நான் துள்ளிக்கொண்டிருந்தால், ஒருநாள் காலை கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்து செம்பால் ஊற்றிக்கொண்டிருக்கிறார்! "செடி வாடுறத பாத்துக்கிட்டு உங்களுக்கு எப்படிங்க சோறு எறங்குது?" என்று என்னையே அதட்டிவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்கு என்னிடம் பேசிய ஒரே ஆள் அவர்தான். இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

மிஞ்சிய இரண்டில் விளைந்தது ஒரு கைப்பிடி, அதுவும் சூம்பல். அதில் கொஞ்சத்தைப் பழைய ஆபீசுக்கு எடுத்துப் போனேன். என் நாற்காலியில் ஒரு பெண். வாட்ச்மேன் வந்து நான் யாரென்று சொன்ன பிறகுதான் "சார்" என்றாள். ஒரு வாரம் கழித்துப் போனபோது, "மாவுச்சத்து கொறைஞ்சிருக்கு, புரதம் நூத்துக்கு இவ்வளவுன்னு பாத்தா கூடியிருக்கு சார்" என்றாள்.

"பாத்தியாம்மா, வாடினதுக்குத்தான் சத்து!"

"அப்படி இல்ல சார். வெதை சுருங்கினதால கூடின மாதிரி தெரியுது. செடிக்கு மொத்தமா எவ்வளவுன்னு பாத்தா ரொம்பக் கம்மி."

நான் அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

அங்கேயே நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு வந்தேன். தண்ணீர் குடித்த தொட்டிகளின் பருப்பு அரை மணியில் குழைஞ்சு போச்சு. மற்றது ரெண்டு மணி நேரமாகியும் சட்டியில கோலிக்குண்டு மாதிரி உருளுது. பல் கட்டினவன் தின்கிற பண்டமா அது? வருகிறேன் என்றவர்களில் ஒருவரும் வரவில்லை. நாலு பேர் பங்கையும் நானே சாப்பிட்டேன். மாலையில் கீழிருந்து குரல்: "மேல என்னங்க, கட்டில நகத்துறீங்களா?" கட்டில் இல்லையம்மா, என் வயிறு.

ஆகவே மறுபடி விதைத்திருக்கிறேன். நான் கிளம்பினால் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? வருவதற்கில்லை, கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தையின் கன்னத்தை எனக்காக ஒருமுறை கிள்ளு, அழாத அளவுக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: மறுபடி விதைத்ததாக எழுதியது பொய். தொட்டிகளைக் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்தாயிற்று. எட்டிலும் ஏதோ கீரை போட்டிருக்கிறார். சனிக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், எனக்கு வழி தெரியும். முடிந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வா.