கறுப்பு வெள்ளையில் ஒரு சாயக்காரர்

படித்தவர்களுக்கு வரும் திமிர் எங்கள் வீட்டுக்கு என் மூலமாகத்தான் வந்தது. அதற்கு முன் அங்கே யாரும் படித்ததில்லை என்பதால், அதை அடையாளம் கண்டு தடுக்கவும் ஆளில்லை.

கல்லூரி முடித்துவிட்டு, ஏனாத்தூர் பக்கம் ஒரு சென்டரில் வெப் டிசைன் படித்துக்கொண்டிருந்தேன். நிறப்பொருத்தம் பற்றி நான்கு வகுப்புகள் முடிந்திருந்தன. அதற்குள் எங்கள் ஊரில் யாருக்கும் கலர் தெரியாது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். (ஊர் காஞ்சிபுரம். அப்பா முப்பது வருடமாகப் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். சோறு பிசையும்போதும் அவர் கை அரக்குச் சிவப்பாகத்தான் இருக்கும்.)

உண்மையான ஒரு தொழிலுக்கு மாதிரி வெப்சைட் ஒன்று செய்து வரச் சொன்னார்கள். அப்பாவின் சாயப்பட்டறையை எடுத்துக்கொண்டேன்.

"இன்னா கலர்மா போடப் போற?" என்றார் அப்பா.

"கறுப்பு, வெள்ளை, சாம்பல். அதாம்பா இப்ப டேஸ்ட்."

"ஓரமா மாம்பழக் கலர் கொஞ்சூண்டு?"

"உனக்கு இதெல்லாம் புரியாதுபா."

"சரிமா, நீ படிச்சவ." கிண்டல் இல்லாமல் சொன்னார். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

முதல் பக்கத்தின் நடுவில் கைகூப்பிய அப்பா, கறுப்பு வெள்ளையில். சுற்றிலும் தடித்த கறுப்புக் கட்டம். கீழே பெரிதாக 'ஏகாம்பரம்'. 'பட்டு நூல் சாயம்' என்பதை மட்டும் வெளிர் சாம்பலில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மெல்லிய எழுத்தில் வைத்தேன். (ரசனையாம்.) அடியில் தொடர்புக்கு அம்மா பெயரும் என் பெயரும்.

வகுப்பில் விரித்துக் காட்டுவதற்காக அதை ஃபிளெக்ஸ் அடிக்க பேனர் கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் போனில் தெருப்பெயரைக் கேட்டார். குரல் தழைந்திருந்தது. "நீ ஒண்ணும் அலையாதமா. காலைல நாங்களே பார்த்துக்கறோம்." நல்ல சர்வீஸ் என்று நினைத்தேன்.

காலையில் அதைத் தெருமுனை மின்கம்பத்தில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மாதிரிப் படத்தை யாரும் சுருட்டிக் கையில் கொடுப்பதில்லையாம்.

நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஓரிக்கையிலிருந்து ஏதோ வேலையாக டவுனுக்கு வந்த அத்தை, அப்பாவின் தங்கை, கையில் மாலையோடு அலறிக்கொண்டு உள்ளே வந்தாள். "நேத்துகூட போன்ல பேசினியே அண்ணா." பின்னாலேயே தெரு வந்தது. யாரோ நாற்காலி போட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அப்பா பட்டறையிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "யாருப்பா?"

அத்தை மாலையை அவர் மேலேயே வீசினாள். "பாவி, உசுரோடவா இருக்கற?"

எல்லோரும் சிரித்தோம், அம்மா வந்து சேரும்வரை. அவள் காய் வாங்கப் போயிருந்தாள். முனையில் படத்தைப் பார்த்திருக்கிறாள். எழுத்து தெரியாத அவளுக்குப் படமே போதுமாக இருந்தது. காலில் செருப்பில்லை, காய்ப்பை இல்லை. அப்பா நிற்பதைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். அவருடைய சிவந்த கையைப் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் விடவில்லை.

மதியம் அப்பா அந்த ஃபிளெக்ஸ் முன்னால் நின்றார். "எல்லாம் நல்லாதான்மா இருக்குது. கலர்தான் காணோம்."

மூன்று வருடம் கழித்து, ஓர் ஆடி மாதக் காலையில், பட்டறையில் நூலை அலசிக்கொண்டிருந்த அப்பா அப்படியே உட்கார்ந்தார், போய்விட்டார். முதல் போன் அத்தைக்குத்தான் போட்டேன்.

"அத்த, அப்பா நம்மள வுட்டுப் போயிட்டாரு."

அத்தை சிரித்தாள். "இன்னா பாப்பா, மறுபடியும் பேனர் அடிச்சிட்டியா?"

நான் அழுதேன். அவள் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பேனர் கடைக்காரர் கேட்டார்: "கறுப்பு வெள்ளைதானம்மா?"

"இல்லண்ணா. கலர்." அரக்குச் சிவப்புப் பின்னணி, ஓரத்தில் மாம்பழ நிறம். கூப்பிய கைகளின் சாயத்தை அப்படியே விட்டேன். நான் செய்ததிலேயே சரியான நிறப்பொருத்தம் அதுதான். ஆனால் தெருமுனையில் அதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் ஏதோ புதுக் கடை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு வருடமும் அப்பாவுக்குப் படையல் போடும் நாளில் அத்தை இதைச் சொல்லாமல் சாப்பிட உட்கார மாட்டாள். "எங்கண்ணன் இருந்தப்ப மாலையோட அழுதுக்கினு வந்தோம். போனப்ப, இன்னா கடை தெறக்கறீங்கன்னு கேட்டுக்கினு வந்தாங்க."

அம்மாவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, கட்டைவிரலால் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.