சாவிக்குப் போட்ட பிள்ளையார் சுழி

உ

கோவிலூர்,
ஜவ்வாது மலை.

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை ஆனந்தன் அவர்களுக்கு, மாமனார் தங்கவேல் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை காந்தாவும் சாமை மூட்டைகளும் நலம். மூட்டைகள் இங்கே நலமாக இருப்பதுதான் பிரச்சினை. இந்நேரம் அவை பெங்களூர் போயிருக்க வேண்டும். போன் செய்தால் மீட்டிங் என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நம் விவசாயிகள் சங்கத்தின் பப்ளிக் சாவியை இம்மாதத்துக்குள் அனுப்பினால்தான் சாமைக்கு ஆர்டர் என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். கம்ப்யூட்டரில் போடும் கையெழுத்து நம்முடையதுதானா என்று அதை வைத்துப் பார்ப்பார்களாம். நீங்கள் ஊருக்கு வந்திருந்தபோது இரண்டு சாவி செய்து கொடுத்தீர்கள். “மாமா, பப்ளிக்கை யாருக்கு வேணும்னாலும் குடுங்க. பிரைவேட்டை மட்டும் அந்நியர் கண்ல காட்டிடாதீங்க, உங்க பேர்ல எவன் வேணும்னாலும் கையெழுத்து போட்டுடுவான்” என்றீர்கள். பப்ளிக்கை அனுப்பினேன். ஃபார்மேட் சரியில்லை என்று திரும்பி வந்தது. உங்களைக் கேட்டால், ஒரே வரியாக இருப்பதைப் பெம் என்கிற ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள்.

பஸ் பிடித்துச் சந்தவாசல் இறங்கினேன். அங்கே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஃபிஜா, நல்ல பெண், அந்த ஒற்றை வரியைத் துண்டு துண்டாக ஒடித்து, தலையிலும் காலிலும் கோடு போட்டுக் கொடுத்தாள். அனுப்பினேன். திரும்பி வந்தது. டெர் என்கிற வேறொரு ஃபார்மேட்டுக்கு மாற்றினாள். திறந்து பார்த்தால் எறும்பு மையில் விழுந்து ஓடியதுபோல் இருக்கிறது, பிள்ளையார் சுழி போடக்கூட இடமில்லை. மறுபடி பெம்மாக்கச் சொன்னேன். மறுபடி திரும்பி வந்தது. “இன்னாண்ணா, நான் குடுக்கும்போது கரெக்டாத்தான் கீது. வழியில இன்னா ஆவுது?” என்று என்னையே கேட்கிறாள். வழியில் என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் நானே கைப்பேசியில் திறந்து, முதல் வரியில் சுழி போட்டுத்தான் அனுப்புகிறேன். நம் பக்கம் ஒரு குறையும் இல்லை.

சாமையை அரிசியாக்கினாலும் மாவாக்கினாலும் சாமைதான் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். ஒரே சாவி மூன்று வேஷம் போட்டால் படித்தவர்களுக்குத் தெரியாதா? கிடங்கில் எலி மட்டும் எந்த ஃபார்மேட்டும் கேட்காமல் மூட்டையை ஏற்றுக்கொள்கிறது. ஊரே வெள்ளாமையைக் கொண்டுவந்து என்னை நம்பிப் போட்டிருக்கிறது. சங்கக் கூட்டத்தில் ஆதிநாராயணன், “இன்னாய்யா, உன் மாப்ளைக்கு ஒரு சாவி செய்யத் தெரியாதா?” என்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாப்பிள்ளையை மாமனார் திட்டக்கூடாது என்பது சம்பிரதாயம், ஆகவே நான் திட்டவில்லை. உங்கள் அத்தை திட்டினாள். நான் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகள் அன்பரசிக்கு எங்கள் ஆசிகள். நீங்களும் மீட்டிங் குறைந்து, ஆயுள் கூடி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கவேல்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஃபிஜா போன் செய்தாள். குற்றம் என் சுழியில்தானாம். அதை எடுத்துவிட்டு அவளே அனுப்பினாளாம், கம்பெனி ஏற்றுக்கொண்டது! நாளை லாரி வருகிறது. மேலே எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் பிள்ளையாரை அழித்துவிட்டோமே என்று மனம் கேட்கவில்லை. பரிகாரமாக, சும்மா கிடந்த அந்தப் பிரைவேட் சாவியின் தலையில் பெரிதாக ஒரு சுழி போட்டு, சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டேன். பயப்படாதீர்கள், குழுவில் அந்நியர் யாருமில்லை. நம் ஆட்களும் புளி வியாபாரிகளும்தான்.