ஹல்லா குரைத்த மரங்கள்

மதிப்பிற்குரிய அஹ்தி அத்தான் அவர்களுக்கு,

குஹ்மோவிலிருந்து மைத்துனன் தைஸ்தோ வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இடுப்பெலும்பு ஒழுங்காகக் கூடி வருகிறது என்று ஐரா அக்கா சொன்னாள், மகிழ்ச்சி. இங்கே நான், உங்கள் நாய் ஹல்லா, உங்கள் துப்பாக்கி மூவரும் நலம். காட்டுக்கோழிகள் எங்களைவிட நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை பஸ்ஸில் ஹல்லாவை உங்களிடம் அனுப்பிவிடுகிறேன். கோபப்படாமல் முழுக்கப் படியுங்கள். "இந்த வேட்டை சீசன் முடியறதுக்குள்ள அது குரைக்கிற மரத்துலேருந்து ஒரு கோழியாவது விழணும்டா. இல்லேன்னா மனுஷனை நம்பிப் பிரயோஜனமில்லேன்னு விட்டுடும், அப்புறம் ஆயுசுக்கும் குரைக்காது" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னீர்கள். இந்த ஊரில் ஐம்பது தாண்டியும் ஒரு பறவையைச் சுடாதவர்கள் நானும் பாதிரியாரும்தான். போன வருஷம் அவரும் சுட்டுவிட்டார். அந்த அவமானத்தில் சரி என்றேன்.

முறை எனக்குத் தெரியாமல் இல்லை. நாய் கோழியை மரத்தில் ஏற்றிக் கீழே நின்று குரைக்கும், கோழி நாயையே வேடிக்கை பார்க்கும், அந்தச் சத்தத்தின் மறைவில் நாம் பதுங்கிப் போக வேண்டும். குரைப்பு நின்றால் நாமும் சிலையாக வேண்டும். முதல் நாள், சதுப்பில் நான் ஒரு காலைத் தூக்கிய நேரம் பார்த்து உங்கள் நாய் மூச்சு வாங்க நிறுத்தியது. சிலையானேன். ஊன்றிய கால் மெல்ல மெல்ல உள்ளே போச்சு, பூட்ஸ் நிறையத் தண்ணீர் வந்தது, கூடவே தும்மலும் வந்தது, கோழி போயே போச்சு. அடுத்த தடவை கோழி நேர் எதிரே கிளையில் உட்கார்ந்திருக்கிறது, விசையை அழுத்துகிறேன், அசைய மாட்டேன் என்கிறது. பாதுகாப்புப் பூட்டை விடுவிக்கிறேன் பேர்வழி என்று தடவியதில் துப்பாக்கி தானாக வெடித்து, கட்டைமேல் வைத்திருந்த என் காப்பி பிளாஸ்க் செத்தது.

ஒவ்வொரு தடவையும் ஹல்லா என் முகத்தைப் பார்க்கும். திட்டுகிற பார்வை என்றால் தாங்கிக்கொள்வேன், அக்காவிடம் வளர்ந்தவன்தானே. இது "பரவாயில்லை, அடுத்த மரம் பார்ப்போம்" என்கிற பார்வை. அதைத் தாங்க முடியாமல், நெருப்பில் வாட்டவென்று பையில் வைத்திருந்த இறைச்சி சாசேஜில் ஒரு துண்டு கொடுத்தேன். அடுத்த மரத்தடியிலும் கொடுத்தேன். வினை அங்கேதான் வந்தது. இப்போது காணும் மரத்தடியிலெல்லாம் குரைக்கிறது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால் கிளையும் கருப்பாகத் தொங்கும் பாசியும்தான்.

கடையில் பக்கத்து வீட்டு ஹில்க்கா பிடித்துக்கொண்டாள். "ஏம்பா தைஸ்தோ, நாயை வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறியா, விருந்துக்கா? குரைச்சா சாப்பாடு வரும்னு பழக்கிட்டியே!"

"மேல கோழி இல்லேன்னு நல்லாப் பாத்துட்டுத்தான் குடுக்கிறேன்."

"உன் கண்ணாலயா? போன வாரம் என்மேலயே வந்து இடிச்சே! கண்ணாடி போட்டுக்கிட்டுப் போனா என்ன?"

"காட்டுல அதுமேல ஆவி படியுது ஹில்க்கா."

"அப்பக் கோழிதான் உன்னைத் தேடி வரணும்."

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது அத்தான். நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற ஒரு ஜீவன், நாம் போய்ச் சேர்ந்ததும் வெறும் கையைப் பார்த்தால், கடைசியில் அதுவும் பொய் பேசத்தானே பழகும்? நல்ல நாயை நான் பொய்க்காரி ஆக்கிவிட்டேன். சீசன் முடிவதற்குள் சுடத் தெரிந்த யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் நடை சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

மைத்துனன்
தைஸ்தோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில், நீராவிக் குளியல் குடிலுக்குப் பின்னாலிருக்கிற மரத்தடியில் குரைப்பு. வழக்கம்போல சாசேஜோடு போனேன். எழுதுவதற்குப் போட்ட கண்ணாடி மூக்கிலேயே இருந்திருக்கிறது. அண்ணாந்தால், பாசி என்று நான் தினமும் தள்ளிவிடுகிற மாதிரியே ஒரு கருப்பு. அதற்குக் கண் இருந்தது. கோழி நாயைப் பார்த்தது, நாய் என்னைப் பார்த்தது, நான் சாசேஜைப் பார்த்தேன். அதைக் கீழே போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் கோழி இல்லை. சாசேஜ் போட்ட இடத்திலேயே கிடந்தது. ஹல்லா அதைத் தொடவில்லை. கிளையையே பார்த்துக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருந்தது.

அப்படியானால் அந்த மரங்களிலெல்லாம்...

சனிக்கிழமை பஸ்ஸுக்கு யாரும் வர வேண்டாம். நாளைக்குக் கண்ணாடியைத் துடைக்க நல்ல துணியாக ஒன்று எடுத்துக்கொண்டு, நாங்கள் காட்டுக்குப் போகிறோம்.