டாக்டர் தள்ளிய ஸ்ட்ரெச்சர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அண்ணி எழுதிக்கொள்வது. எப்போதும் கடிதத்தின் முதல் வரியை, "இங்கு அனைவரும் சௌக்கியம்" என்று உங்கள் அண்ணன் சொல்லுவார், நான் எழுதுவேன். இந்தத் தடவை சொல்ல ஆள் இல்லை, அனைவரிலும் ஒருத்தர் குறைச்சல். மற்றவர்கள் சௌக்கியம். அங்கே நீங்களும் வீட்டாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

டாக்டர் மேல் புகார் எழுதி, அனுப்புவதற்கு முன்னால் நான் பார்க்க ஒரு நகல் அனுப்பியிருந்தீர்கள், வந்து சேர்ந்தது. "என் அண்ணன் உயிருக்குப் போராடியபோது டாக்டர் தரை துடைத்துக்கொண்டிருந்தார்" என்று எழுதியிருக்கீங்க. துடைச்சது நிஜம். நான்தான் போனில் அழுதுகிட்டே உளறினேன். லீவு கிடைக்காமல் கடைசியா முகம் பார்க்க வரமுடியலங்கிற வேதனைதான் உங்களை எழுத வெச்சிருக்கு, அது எனக்குத் தெரியாதா? ஆனால் முழுசையும் கேட்டுட்டு அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க. அவர் வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

சம்பளம் கூட்டிக் கேட்டு, டாக்டர்களைத் தவிர ஆஸ்பத்திரியில எல்லாரும் வேலைநிறுத்தம் பண்ணி வாசல்ல பந்தல் போட்டு உட்கார்ந்தாங்க இல்லையா, அதுல மூணாவது நாள் உங்க அண்ணன் முன்வரிசையில நின்னு கோஷம் போட்டுக்கிட்டே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார், பின்னால இருந்தவங்க இதுவும் போராட்டத்துல ஒரு வகைன்னு நினைச்சு அவங்களும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க, சாப்பாடு கொண்டு போயிருந்த நான் போட்ட கூச்சல்ல உள்ளேருந்து டாக்டர் தனி ஆளா ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கிட்டு ஓடி வந்தார். தூக்கிப் படுக்க வெச்சதுதான் தாமதம், உங்க அண்ணன் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். "டாக்டர், கையை எடுங்க. முப்பத்தொரு வருஷமா இது என் வேலை. நீங்க தள்ளினா நாங்க வெளிய உட்கார்ந்து என்ன பிரயோஜனம்?" "பெரியவரே, நெஞ்சு வலிக்குதா இல்லையா?" "வலிக்குது. அதை நீங்க பாருங்க. வண்டியை விடுங்க." நான் டாக்டரும் இல்ல, ஊழியரும் இல்ல, அதனால உங்க அண்ணன் என்னைத் தள்ளச் சொன்னார். டாக்டர் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கூடவே ஓடி வர்றார், நான் கதவுல ஒரு இடி, தூண்ல ஒரு இடி, மருந்து அலமாரியில ஒரு இடி. "நான் இத்தனை வருஷத்துல ஒரு சுவரைத் தொட்டதில்லடி, நீ மூணு நிமிஷத்துல மொத்தக் கட்டடத்தையும் தொட்டுட்டியே"ன்னு படுத்த வாக்கில திட்டறார். டாக்டருக்குப் பொறுக்கல. "நான்தான் தள்ளப் போறேன். பிடிக்கலன்னா கண்ணை மூடிக்கோங்க"ன்னார். மூடிக்கிட்டார், தம்பி! பார்க்காத வரைக்கும் போராட்டத்துக்குப் பங்கம் இல்லையாம்.

அப்புறம் வார்டுல ஆறு நாளும் இதே கூத்துதான். டாக்டர் மலச்சட்டி எடுக்க வந்தாலும், படுக்கைத்துணி மாத்த வந்தாலும், "பெரியவரே, கண்ணு"ன்னு ஒரு குரல் குடுப்பார், இவர் மூடிக்குவார், முடிஞ்சதும் "திறக்கலாம்"னு ஒரு குரல். பக்கத்துக் கட்டில்காரரும் எதுக்குன்னு தெரியாம சேர்ந்து மூடிக்குவார். ஒருநாள் உங்க அண்ணன், "எங்க வேலையும் செய்யறீங்களே, எங்க சம்பளமும் சேர்த்துத் தருவாங்களா?"ன்னு வம்புக்கு இழுத்தார். "ஒரு காசு கூடக் கிடையாது. தந்தாலும் எதுக்கு? உங்க சம்பளம் என் வண்டிக்குப் பெட்ரோல் போடக் காணாது"ன்னார். "அதைத்தானே வெளிய தொண்டை கிழியக் கத்தறோம்!"னு சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு.

ஆறாம் நாள் உச்சிவேளை. முந்தின நாள் ஈரத்துல ஒரு கர்ப்பிணி வழுக்கி விழப் பார்த்தாள்னு டாக்டர் தானே மாப்பு எடுத்துக்கிட்டு வந்தார். "பெரியவரே, கண்ணு." இவர் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே மூடினார். டாக்டர் துடைச்சு முடிச்சார். "திறக்கலாம்"னார். இன்னொரு தடவை சொன்னார். மாப்பைப் போட்டுட்டு ஓடி வந்து நெஞ்சை அமுக்கினார் பாருங்க, வேர்வை சொட்டச் சொட்ட எவ்வளவு நேரம்னு தெரியல, கடைசியில அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்துட்டார். நான்தான் அவருக்குத் தண்ணி குடுத்தேன். வாசல் வரைக்கும் அவரே தள்ளிக்கிட்டு வந்தார், ஒரு சுவரையும் தொடல. பெத்த பிள்ளை இருந்தாலும் இவ்வளவு பார்த்திருக்குமா? இவர் மேலயா புகார்?

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் எந்தக் குறையும் வராது. இதுல என் ஆசீர்வாதம் பாதி, உங்க அண்ணனோடது பாதின்னு வெச்சுக்கோங்க.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: தபால்ல போடறதுக்கு முன்னால, பயப்பட வேண்டாம்னு சொல்லலாம்னு உங்க நகலை டாக்டர்கிட்ட காட்டினேன். ரெண்டு தடவை படிச்சார். "கிழிக்கச் சொல்லாதீங்கம்மா. ஆள் இல்லாமலே ஆஸ்பத்திரி நல்லா ஓடுது, ஒரு நோயாளி வீட்டிலேருந்துகூடப் புகார் இல்ல, சம்பளம் எதுக்குக் கூட்டணும்னு மேலிடத்துல கேட்கறாங்க. நாங்க ஓடி ஓடிச் செஞ்சது பந்தல்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு வினையாப் போச்சு. ஆள் இல்லாம இங்க என்ன ஆச்சுன்னு சொல்ற ஒரே புகார் இதுதான். என் பேரோடயே போகட்டும், வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்"னார். அதனால மேல எழுதினதையெல்லாம் மறந்துட்டு உடனே அனுப்புங்க. சட்டி கழுவினதையும் துணி மாத்தினதையும் சேர்த்து, நல்லாக் காரமா எழுதுங்க. ஸ்ட்ரெச்சர் தள்ளினதை மட்டும் எழுத வேண்டாம். அது உங்க அண்ணனோட வேலை, அதை அவர் பார்க்கல.