முதுகைத் திருப்பிக்கொண்டு ஊர் காட்டியவர்

எண்பதுகளில் ஒக்லாந்துக்கு வந்திறங்கிய தமிழர் ஒருவராவது முதலில் ஒக்லாந்தைப் பார்த்திருந்தால் நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். எல்லோரும் முதலில் பார்த்தது நோர்வேயைத்தான். காட்டியவர் நோர்வேயர். அவருடைய சொந்தப் பெயர் வரிக் கந்தோருக்கு மட்டும் தெரிந்திருக்கும். இங்கே வருமுன் நோர்வேயின் மேற்குக் கரையில் ஓலசுன் என்ற பட்டினத்தில், மீன் தொழிற்சாலை ஒன்றில் சில வருடங்கள் வேலை செய்த யாழ்ப்பாணத்தவர் என்பதால் வந்த பட்டம் அது.

நானும் மனைவியும் மவுண்ட் ரோஸ்கில்லில் வீடு எடுத்த மறுநாள். தேத்தண்ணி வைக்கிற கேத்தில் எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது என்று தெரியாமல் இருவரும் ஆளையாள் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தோம். வாசலில் நோர்வேயரின் பழைய வெள்ளைக் கார் ஹோர்ன் அடித்தது.

"தம்பி, வெளிக்கிடுங்கோ. ஊர் பாக்கப் போறம்."

"அண்ணை, சாமான் அடுக்க வேணும்..."

"சாமான் ஓடிப்போகாது. ஊர் பாக்கிறதைப் பின்போடக் கூடாது. பிளாஸ்கில தேத்தண்ணி கிடக்கு."

தேத்தண்ணி என்று கேட்டதும் என் மனைவி எனக்கு முன்னே காரில் ஏறிவிட்டாள்.

மவுண்ட் ஈடன் உச்சிக்குக் கொண்டுபோனார். சரிவில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காரை நிறுத்தி இறங்கிய மனிதர், ஊர் முழுவதற்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கார்க் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். "நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ." நாங்கள் பார்த்துவிட்டு வந்ததும் விசாரணை ஆரம்பமானது.

"என்ன கண்டனியள்?"

"கடல் அண்ணை."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"பாத்தீரே! ஓலசுனிலையும் அப்பிடித்தான். ஊருக்கு நடுவில அக்ஸ்லா எண்டு ஒரு மலை. படி ஏறி உச்சியில நிண்டால் தீவு தீவாக் கடல். கீழ ஊர் முழுக்கக் கல்லு வீடு, ஒவ்வொண்டுக்கும் ஒரு கோபுரம். முந்தி இருந்த மர வீடெல்லாம் ஒரு ராத்திரியில எரிஞ்சு போச்சு. பிறகு கட்டினது. போட் எடுத்துப் போனால் ஒரு வெளிச்சவீடு. அங்கால தள்ளிப் போனால், மலைக்கு நடுவில கடல் பூந்து கிடக்கும். மேல இருந்து அருவி நேர கடலுக்குள்ள விழும்!"

சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் கண்கள் கலங்கிவிட்டன. நாங்கள் அருவியில் நனைந்துவிட்டோம் என்றே சொல்லலாம்.

பக்கத்துத் தெருவில் ராகவன் என்று ஒரு மதராஸ்காரர் இருந்தார். கணக்காளர். எதையும் கேட்காமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஒருநாள் என் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டே நோர்வேயரிடம் நேராகக் கேட்டுவிட்டார்.

"ஏன் சார், எங்களையெல்லாம் மலை மேல ஏத்திட்டு நீங்க மட்டும் முதுகைக் காட்டிட்டு நிக்கறீங்களே, என்ன விஷயம்?"

"நேத்திக்கடன்," என்றார் நோர்வேயர். "நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிடேக்க முருகனுக்கு வச்ச நேத்தி. என்ர மனுசி மணி வந்து சேரட்டும், ரெண்டு பேருமா நிண்டுதான் ஊர் பாப்பம் எண்டு."

"அப்ப நார்வேல அந்த மலை, படி, அருவி?"

"ஒண்டும் பாக்கேல்லை. மணிக்கு விசா கிடைக்கேல்லை எல்லோ. என்னோட வேலை செய்த ஆக்களிட்டக் கேட்டு வச்சிருக்கிறன்."

ராகவனின் கையில் தோசை அப்படியே நின்றது.

நேர்த்தி வைத்து ஆட்கள் கத்தரிக்காயை விடுவார்கள். கோபத்தை விடுகிறேன் என்று சொல்லி, அதை மட்டும் விடமாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற மலையை விட்டவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். கோடையில் ஓலசுனில் இரவிலும் வெளிச்சமாம். ஊரே வெளியே உலாவ, இவர் திரையை இழுத்து மூடிவிட்டு உள்ளே இருப்பாராம். வீட்டுக்கார அம்மா இவருக்கு ஏதோ காய்ச்சல் வருத்தம் என்று நினைத்து மீன் சூப் கொண்டுவந்து கொடுப்பாராம்.

ஒக்லாந்திலும் அதே சட்டம்தான். கார் ஓட்டுகிறவர் கண்ணை மூட முடியாதே என்று கேட்டால், "பாதை பாக்கலாம், காட்சி பாக்கக் கூடாது" என்று விளக்கம் சொல்வார். துறைமுகப் பாலத்தில் ஏறினால் முன்னால் போகிற காரின் நம்பர் பிளேட்டைத் தவிர வேறெதையும் பாராமல் மந்திரம் ஜெபிக்கிறவர் போல ஓட்டுவார். வேலை செய்த மீன் வெட்டும் கொட்டிலில் கடலைப் பார்த்த மேசையைக் கொடுத்தார்கள் என்று, சுவரைப் பார்த்த மேசைக்குக் கெஞ்சி மாறினார். இப்படியும் ஒரு உழைப்பாளியா என்று முதலாளி ஆச்சரியப்பட்டாராம்.

நாங்கள் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது. பிறந்த ஊரில் யுத்தம் முற்றியது. மணியக்காவின் விசா இன்று வரும், நாளை வரும் என்று இழுபட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வரும் பாதை திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தது. நோர்வேயர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஹோர்ன் அடித்தார். ஆனால் ஊர் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் என்ன கண்டனியள் என்று கேட்கவில்லை. என் மனைவி சிதறு தேங்காய் நேர்ந்தாள். சாமி இருக்கா இல்லையா என்று வாதாடுகிற ராகவன்கூட, "எதுக்கும் என் பேர்லயும் ஒரு தேங்கா சேத்துக்கோங்கம்மா" என்றார்.

விசா வந்தது. மணியக்கா கொழும்புக்கு வந்தா, சிங்கப்பூர் வந்தா, கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை ஒக்லாந்து விமான நிலையத்துக்கே வந்துவிட்டா. நோர்வேயர் வீட்டுக்குப் போகாமல் நேரே மவுண்ட் ஈடனுக்குக் காரை விட்டார். எங்கள் கார்கள் கலியாண ஊர்வலம் போலப் பின்னால் போயின. மனிதர் முதன்முதலாக ஊர் பார்க்கப் போகிறார், விடுவோமா?

உச்சியில் பார்த்தால், மணியக்கா நல்ல நித்திரை.

"எழுப்புங்க சார், மழை வரப்போவுது," என்றார் ராகவன்.

"வேண்டாம். பாவம், படுக்கட்டும்."

மழை வந்தது, போனது, வெயில் எறித்தது. நோர்வேயர் கார்க் கதவடியிலேயே, வழக்கம் போல ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நனைந்து காய்ந்தார். கடைசியில் மணியக்கா கண் விழித்துக் கதவைத் திறந்தா.

"மணி, இறங்கு. ரெண்டு பக்கமும் கடலாம்..."

மணியக்கா ஒரு பக்கமும் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தா.

"ஐயோ, என்னப்பா இது? தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. சாப்பிடுறதே இல்லையோ?"

சீலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தா. துடைக்கத் துடைக்க முகம் ஈரமாகவே இருந்தது. மழை எப்போதோ விட்டுவிட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நாங்கள் அத்தனை பேரும் கடல் பக்கம் திரும்பி நின்றோம். "காத்து ஜாஸ்தி," என்று சொல்லி ராகவன் மூக்கைச் சிந்தினார்.

"வீட்டை போவமப்பா. ஏதும் சமைச்சுத் தாறன்," என்ற மணியக்காவின் குரல் கேட்டது. நோர்வேயர் உடனே காரில் ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் ஜன்னலைத் தட்டினேன்.

"அண்ணை, ஊர் பாக்கேல்லையே! நேத்தி என்னாகிறது?"

"அதுதான் பாத்திட்டனே, தம்பி."

அந்த மனிதரை அன்றுதான் நான் முதன்முதலாகக் கட்டிப்பிடித்தேன். நடுவில் ஒரு கார்க் கதவு இருந்தது எனக்குத் தெரியவே இல்லை.